இராணி அறையைக் கண்டதும் நசுக்காதீர்கள்

சென்ற கிழமை கோப்பாயில் ஒரு தம்பி தன் முதல் தேனீப் பெட்டியைத் திறந்து காட்டினார். நடு வதையின் (ஈக்கள் கட்டிய மெழுகு அடையின்) அடி விளிம்பில், புது இராணி ஈ வளரும் இராணி அறைகள் நான்கு சின்னக் கச்சான்களைப் போலத் தொங்கின. "கூட்டம் பிரியப் போகிறது அண்ணா, நசுக்கிவிடவா?" என்று கேட்கும்போதே அவருடைய பெருவிரல் அறையைத் தொட்டுவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

முட்டையைத் தேடாமல் நசுக்குவது

வேம்பு பூத்திருந்த காலம். என் வளவில் இருந்த பெட்டியில் ஏழு இராணி அறைகளைக் கண்டேன், ஏழையும் நசுக்கினேன். பழைய இராணி பாதிக் கூட்டத்தோடு அதற்கு முன்பே போயிருந்தது. மிச்சமிருந்த ஈக்களே பெட்டியை நிறைத்திருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. மூடிய புழு அறைகள் இருந்தன. புதிய இராணியை வளர்க்க முட்டையோ மூன்று நாளுக்கு உட்பட்ட புழுவோ ஒன்றுகூட இல்லை. இரண்டு கிழமையில் ஒரே அறைக்குள் மூன்று நான்கு முட்டைகள், சுவரில் ஒட்டியபடி கிடந்தன. வேலைக்கார ஈக்கள் இட்டவை. அவற்றிலிருந்து ஆண் ஈக்கள்தான் வரும். பிறகு மெழுகுப் பூச்சி நூலாம்படை பின்னியது. நல்ல குடும்பம் ஒன்று என் அவசரத்தால் அழிந்தது. அதே அவசரத்தை மற்றவர்களிடம் காணும்போது இன்றும் கோபம் வருகிறது.

வெயில் தோளுக்குப் பின்னால் விழும்படி நின்று, வதை இருக்கும் சட்டத்தைச் சற்றுச் சரியுங்கள். வதையின் சாதாரண அறைகளின் அடியில் ஒற்றை முட்டை தெரிந்தால், கடைசி மூன்று நாளுக்குள் இராணி அங்கே இருந்திருக்கிறது. முட்டையே இல்லையென்றால் இராணி அறைகள்தான் அந்தக் குடும்பத்தின் உயிர். நன்கு பருத்த ஒன்றை, மிஞ்சினால் இரண்டை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் கூட்டம் மீண்டும் மீண்டும் பிரிந்து மெலியும்.

அறை இருக்கும் இடத்தைப் பாராமல் விடுவது

அடி விளிம்பில் பல அறைகள் என்றால் பிரியும் ஆயத்தம். வதையின் முகப்பில், வேலைக்கார ஈயின் அறையை நீட்டிக் கட்டியிருந்தால் இராணி திடீரென இறந்திருக்கக்கூடும்.

சட்டத்தை உதறுவது

இராணி அறைக்குள் இருக்கும் புழு சேதமாகும்.

இடையில் திறந்து பார்ப்பது

இராணி அறையை விட்டுவைத்த பிறகு மூன்று கிழமைக்குப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

கோப்பாய்ப் பெட்டியில் முட்டைகள் இருந்தன, இராணியும் இருந்தது. அதை இரண்டு வதைகளோடு மாமரத்தடியில் வைத்த புதுப் பெட்டிக்கு மாற்றினோம். பழைய பெட்டியில் அப்போதுதான் மூடப்பட்டிருந்த ஓர் அறையை மட்டும் விட்டோம். அதன் நுனி மெழுகை ஈக்கள் சுரண்டிப் பழுப்பு நிறம் வெளிப்பட்ட ஓரிரு நாளில் இராணி வெளிவரும்.