எடை குறைக்க யாரைப் பின்பற்றலாம்?
எடை குறைக்க வழிகாட்டி தேடுகிறீர்களா? வேகமாக இளைத்தவரை விட, குறைத்த எடையை இரண்டு மூன்று வருடமாகக் காப்பாற்றி வருபவரைப் பிடியுங்கள். எத்தனை கிலோ குறைத்தார் என்பதை விட, கல்யாணப் பந்தியில் என்ன செய்வார், ராத்திரி பசித்தால் என்ன சாப்பிடுவார், எடை இறங்காமல் நின்ற மாதத்தை எப்படிக் கடந்தார் என்று கேளுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி 1961-இல் தோழிகளை வீட்டுக்கு அழைத்து இப்படி மனம்விட்டுப் பேசியதுதான், 1963-இல் எடை குறைக்க உதவும் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. அப்புறம், வழிகாட்டியின் சாப்பாட்டு அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வயதும் உடல்வாகும் வேறு. வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தாலே நல்ல வேகம்தான். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.