ஒப்பிடும் முன் ஒரு தாள் எடுங்கள்

ஹைக்கூ இயங்குதளம் நல்லதா, ரியாக்ட்ஓஎஸ் நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மெஷினில், என்ன வேலைக்கு? பாலிடெக்னிக் ஒன்றில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய மெஷின்களுக்கு உயிர் கொடுப்பதே என் பிழைப்பு. அதனால் திறந்த மூல மென்பொருள்களை ஒப்பிடும் வேலை அடிக்கடி வந்துவிடும். நான் அதைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாள். அதன் தலையில் மெஷினின் விவரம். என் தாளில் இருந்தது இது: ஆட்டம் என்270 சிப் போட்ட நெட்புக், 1 ஜிபி ரேம், 32 பிட். அதன் கீழே மூன்றே மூன்று வேலைகள்: தமிழில் கடிதம் படிக்க வேண்டும், பாட்டு கேட்க வேண்டும், வைஃபை பிடிக்க வேண்டும். இந்த மூன்றுக்கு மேல் எழுதாதீர்கள். பத்து எழுதினால் எதிலும் தேறாத ஒன்றையும், எல்லாவற்றிலும் பாதி தேறும் ஒன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது.

மெஷின் விவரமே பாதிப் பெயர்களை அடித்துவிடும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் கிடையாது. ஆகவே என் நெட்புக்குக்கு அது இல்லை. ஹைக்கூ இன்னமும் 32 பிட்டுக்குத் தனிப் பதிப்பு தருகிறது. அதற்குக் காரணம் உண்டு: பீஓஎஸ் (BeOS) என்ற பழைய இயங்குதளத்தை மறுபடி எழுப்பத்தான் 2001-இல் இந்த முயற்சி தொடங்கியது. அந்தக் காலத்து நிரல்கள் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக 32 பிட் பதிப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு புராஜெக்ட் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், நாளைக்கு எதைக் கைவிடும், எதைக் கைவிடாது என்று ஓரளவு ஊகிக்கலாம். ரியாக்ட்ஓஎஸ் பிறந்தது விண்டோஸ் நிரல்களையும் டிரைவர்களையும் ஓட்டுவதற்கு. விண்டோஸ் சர்வர் 2003 அதன் இலக்கு. செரினிட்டிஓஎஸ் என்ற இன்னொரு இயங்குதளம் 2018-இல் ஆண்ட்ரியாஸ் கிளிங் தொடங்கியது. எல்லாவற்றையும் தாங்களே எழுதிப் பார்க்கும் ஆனந்தம்தான் அதன் நோக்கம். தயாராக இறக்கிக்கொள்ள இன்ஸ்டால் ஃபைல் கூடத் தருவதில்லை, மூல நிரலிலிருந்து நீங்களே கட்ட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு மார்க் போடுவது நியாயமே இல்லை. பழைய கடை பில்லிங் நிரல் ஒன்றை ஓட்ட வேண்டும் என்றால் ரியாக்ட்ஓஎஸ்ஸை விர்ச்சுவல்பாக்ஸில் (மெஷினுக்குள் ஒரு போலி மெஷினை ஓட்டும் மென்பொருள்) போட்டு ஒரு பில் அடித்துப் பாருங்கள். அது இன்னும் ஆல்ஃபா நிலை, அதாவது முடிவடையாத சோதனை நிலை என்று அவர்களே சொல்கிறார்கள். அதை நம்புங்கள், கடைக் கணக்கை அதன் மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது, உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவதைப் பார்க்கிறேன். கடைசி வெளியீட்டுத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு "இது செத்துப்போச்சு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ரியாக்ட்ஓஎஸ் 0.4.14 வந்தது 2021 டிசம்பரில். 0.4.15 வந்தது 2025 மார்ச்சில். நடுவில் மூன்று வருடத்துக்கு மேல். ஆனால் அந்தக் காலம் முழுக்க நிரலில் மாற்றங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. ஹைக்கூவின் நான்காவது பீட்டா 2022 டிசம்பர், ஐந்தாவது 2024 செப்டம்பர். இடையில் மாதாமாதம் என்ன செய்தோம் என்று அறிக்கை எழுதினார்கள். ஆகவே நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் மூல நிரலை இறக்கி, கடந்த ஒரு வருடத்தின் கமிட்டுகளை, அதாவது பதிவான மாற்றங்களை மட்டும் பாருங்கள். எத்தனை கமிட் என்பதைவிட எத்தனை பேர் என்பது முக்கியம். 'கிட் ஷார்ட்லாக்' என்ற கட்டளை ஆள்வாரியாக எண்ணிக் கொடுத்துவிடும். நூறு கமிட்டில் தொண்ணூற்றைந்து ஒருவருடையது என்றால், அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் புராஜெக்ட்டுக்கும் காய்ச்சல்.

பிறகு பென் டிரைவ். ஹைக்கூவை அதில் எழுதி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஒரு மாலை முழுக்க ஓட்டலாம். நான் இதைச் செய்யாமல் ஒருமுறை வேறொரு இயங்குதளத்தின் அழகான திரைப் படங்களைப் பார்த்து நேரே இன்ஸ்டால் செய்தேன். வைஃபை சிப்புக்கு டிரைவர் இல்லை. இரண்டு நாள் போனது, ஒரு பழைய போட்டோ ஃபோல்டரும் போனது. அன்றிலிருந்து வைஃபை, சத்தம், மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா, இந்த மூன்றையும் பென் டிரைவில் பார்க்காமல் எதையும் வட்டில் ஏற்றுவதில்லை.

நமக்கென்று ஒரு சோதனையும் உண்டு. 'கொ' என்ற எழுத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். யூனிகோடில் 'க' முதலில், உயிர்க்குறி அதற்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை இரண்டாக உடைத்து, கொம்பைக் 'க'வுக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத இடத்தில் கொம்பு இடம் மாறி நிற்கும். 'ஸ்ரீ', 'பௌர்ணமி' இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிரவுசரில் சரியாக வந்து ஃபோல்டர் பெயரில் உடைவதும் உண்டு. இரண்டு இடத்திலும் பார்ப்பது நல்லது.

லைசென்ஸைப் பற்றிச் சுருக்கமாக: நிரலுக்கு ஒன்று, படங்களுக்கும் பாட்டுகளுக்கும் வேறொன்று இருக்கலாம். ஓசு என்ற ரிதம் கேமின் நிரல், வணிகத்துக்கும் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, அதன் படங்களும் ஒலிகளும் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாத உரிமத்தில். ஒரு ஃபைலை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள்.

இதே தாள் சின்ன விஷயத்துக்கும் உதவுமா என்ற சந்தேகம் எனக்கே இருந்தது. அக்கா மகள்தான் தீர்த்து வைத்தாள். டான்ஸ் பேட் ஒன்று வாங்கி டிவி முன்னால் விரித்துவிட்டு, "மாமா, ஸ்டெப்மேனியாவுக்கு எந்தத் தீம் போட?" என்றாள். பாட்டுக்கு ஏற்ப அம்புக்குறிகளை மிதித்து ஆடும் திறந்த மூல கேம் அது. அவள் தாளில் நான் எழுதச் சொன்னது: புதிதாகப் பழகும் ஆள், டிவி எட்டடி தள்ளி, தம்பியும் ஆடுவான்.

தீம் என்றால் வெறும் வண்ணம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டெப்மேனியா 5-இல் தீம் என்பது லுவா மொழியில் எழுதிய முழு நிரல். பாட்டு தேர்ந்தெடுக்கும் திரை, மதிப்பெண் திரை எல்லாம் அதன் கையில். சிம்ப்ளி லவ் தீமில் கேஷுவல் என்ற முறை மிகக் கடினமான ஸ்டெப்புகளை மறைத்துவிடுகிறது. எஃப்ஏ பிளஸ் என்ற முறை மிகச் சிறந்த அடிக்கு 15 மில்லிசெகண்டுக்குள் ஓர் இறுக்கமான நேர வரம்பு போடுகிறது. தம்பிக்கு முதலாவது, போட்டிக்குப் பயில்பவருக்கு இரண்டாவது. இதைத் திரைப் படத்தில் பார்க்க முடியாது.

இங்கே மௌனத்துக்கு அர்த்தம் வேறு. இணையத்தில் உலவும் பிரவுசர் ஒரு வருடம் மாறாமல் இருந்தால் ஆபத்து. ஒரு தீம் மூன்று வருடம் மாறாமல் இருந்தால், அது முடிந்த வேலையாகவே இருக்கலாம். ஆனால் எஞ்சினோடு, அதாவது தீமை ஓட்டும் மூல கேமோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டெப்மேனியா 5.0.12 வந்தது 2016-இல். அதன் நிரலிலிருந்து பிரிந்த ஐடிஜிமேனியா என்ற ஃபோர்க்கில்தான் இப்போது வேலை அதிகம் நடக்கிறது. சிம்ப்ளி லவ்வின் புதிய பதிப்புகளும் அதைத்தான் கேட்கின்றன. பழைய எஞ்சினில் புதிய தீமைப் போட்டுவிட்டுத் தீமைத் திட்டுவது தவறு. முதலில் எஞ்சின், பிறகு தீம். ஒரே பாட்டை ஒவ்வொரு தீமிலும் மும்மூன்று முறை ஆடிவிட்டு, எட்டடி தூரத்தில் எந்த எழுத்து தெரிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

'கொ' சோதனையையும் செய்தாள். தோற்றது. அந்த எஞ்சின் எழுத்துகளைப் படத் துண்டுகளாக வைத்து ஒவ்வொன்றாக அடுக்குகிறது. கொம்பை முன்னால் நகர்த்தும் வேலை அதற்குள் இல்லை. எந்தத் தீம் போட்டாலும் அதுதான் நிலை. ஆனால் பாட்டு ஃபைலில் தலைப்புக்கு ஒரு வரி, அதன் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுத இன்னொரு வரி என்று இடம் இருக்கிறது. முதல் வரியில் தமிழை அப்படியே வைத்தாள், இரண்டாவதில் ஆங்கில எழுத்தில் எழுதினாள். அமைப்பில் உச்சரிப்பைக் காட்டச் சொல்லிவிட்டு, ஐடிஜிமேனியாவில் சிம்ப்ளி லவ்வோடு இப்போது தினமும் மாலையில் தம்பியோடு ஆடுகிறாள்.