லேசர் முடி நீக்கம்: உங்கள் தோலுக்கும் முடிக்கும் எது பொருந்தும்?

"எந்த லேசர் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த நிறத் தோலில், எப்படிப்பட்ட முடிக்கு? ஒரே ஆளின் அக்குள் முடிக்கும் கன்னத்து முடிக்கும் பதில் வேறு. இதை அறியாமல் பணம் கட்டியவர்களில் என் தங்கையும் ஒருத்தி. அவள் கதை கீழே வருகிறது.

முதலில் வேலை நடக்கும் விதம். வெயிலில் கறுப்புக் குடை சீக்கிரம் சூடேறுவதுபோல், லேசர் ஒளியை முடியிலுள்ள கறுப்பு நிறமியான மெலனின் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சூடு மயிர்க்காலுக்குப் பரவி, முடியை மீண்டும் வளரவைக்கும் செல்களைச் சிதைக்கிறது. குறிப்பிட்ட நிறமியை மட்டும் ஒளியால் சுடலாம் என்ற இந்தக் கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் விளக்கினார்கள். நமக்குள்ள சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. முடி எது, தோல் எது என்று லேசருக்குத் தெரியாது.

படி 1: தோலைப் பாருங்கள்

தோல் மருத்துவர்கள் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின்படி தோலை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் வருவோம். முகத்தின் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முடி நீக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். அக்குளும் தாடையும் கையைவிடக் கறுத்திருப்பது வழக்கம். வெயிலில் அலைந்து கறுத்திருந்தால் சில வாரங்கள் பொறுத்துச் செல்லுங்கள்.

லேசரின் வகையை அலைநீளம் தீர்மானிக்கிறது. அது கூடக்கூட ஒளி ஆழமாக இறங்கும். மேல்தோலின் மெலனின் அதை உறிஞ்சுவதும் குறையும்.

அலெக்சாண்ட்ரைட் வகை லேசரின் அலைநீளம் 755 நானோமீட்டர். வெளுத்த தோலில் கறுப்பு முடிக்கு மிகச் சிறந்தது, சற்று மெல்லிய முடியையும் பிடிக்கும். கறுத்த தோலிலோ தீப்புண்ணும் கரும்புள்ளியும் வர வாய்ப்பு அதிகம். டையோடு சுமார் 810. மாநிறத்தில் அடர்ந்த முடிக்கு நன்றாக உதவும். இன்னும் கறுத்த தோலுக்கு நீண்ட ஒளித்துடிப்பும் (ஒருமுறை ஒளி பாயும் நேரம் நீளமாக இருப்பது) நல்ல குளிரூட்டலும் பழகிய கையும் வேண்டும். என்டி யாக் 1064. கறுத்த தோலுக்கு இருப்பவற்றில் பாதுகாப்பானது இதுதான். ஆனால் இதை முடியும் குறைவாகவே உறிஞ்சுகிறது. அதனால் கூடுதல் ஆற்றலில் வைக்க வேண்டியிருக்கும்; வலி சற்றுக் கூடும், மெல்லிய முடி தப்பிவிடும்.

ஐபிஎல் (தீவிர ஒளித்துடிப்பு) எனப்படும் முடி நீக்க முறை லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. வீட்டில் பயன்படுத்தும் கருவிகள் பலவும் இந்த வகைதான். கறுத்த தோலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: முடியைப் பாருங்கள்

ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பாருங்கள்; பிடுங்கிப் பார்க்க வேண்டாம். தடித்த கறுப்பு முடி இரும்பு தோசைக்கல் போல: சூடேற நேரமாகும், ஏறிய சூடு சீக்கிரம் இறங்காது. அக்குள், கால், ஆண்களின் தாடி, ஹார்மோன் கோளாறால் பெண்களின் தாடையில் வரும் முடி எல்லாம் இந்த ரகம். நீண்ட துடிப்பு இதற்குப் போதும், அதுவே கறுத்த தோலுக்கும் பாதுகாப்பு. லேசர் நன்றாக வேலை செய்வது இங்கேதான். சுருண்ட தாடி முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கழுத்தில் கொப்புளம் போடும் கறுத்த ஆண்களுக்கு என்டி யாக் பெரிய நிம்மதி.

மெல்லிய முடி அலுமினியப் பாத்திரம் போல: சட்டென்று சூடேறி, சட்டென்று ஆறிவிடும். அதற்குக் குறுகிய துடிப்பு வேண்டும். அதுதான் கறுத்த தோலுக்கு ஆபத்து. மேலுதட்டுக்கும் முன்கைக்கும் பலன் குறைவாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இனி பூனைமுடி. கன்னத்திலும் கழுத்தோரத்திலும் உள்ள மென்மையான முடியில் லேசர் வைக்கச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். முடியைக் கொல்லப் போதாத சூடு, உறங்கிக்கொண்டிருந்த மயிர்க்கால்களை எழுப்பிவிடுகிறது என்று கருதுகிறார்கள். தெற்காசிய, மத்தியக் கிழக்குப் பெண்களின் முகத்திலும் கழுத்திலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. என் தங்கைக்கு நடந்தது இதுதான். யாருக்கும் தெரியாமல் இருந்த பூனைமுடி, சில அமர்வுகளில் கறுத்துத் தடித்துக் கிருதாவாக இறங்கியது. அவளுக்கு அதை முன்கூட்டிச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

வெள்ளை முடிக்கு எந்த லேசரும் உதவாது, அதில் உறிஞ்ச மெலனின் இல்லை. மயிர்க்காலில் ஊசி செலுத்தி மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ரோலிசிஸ்தான் வழி. நேரம் பிடிக்கும், ஆனால் எந்த நிற முடிக்கும் பயன்படும்.

படி 3: பணம் கட்டும் முன் கேளுங்கள்

கருவியின் பெயரைவிட அலைநீளத்தைக் கேளுங்கள்: 755ஆ, 810ஆ, 1064ஆ? மூன்றும் கலந்தது என்றால், உங்கள் தோலுக்கு எதை, எந்த அளவில் வைப்பார்கள் என்று கேளுங்கள். கருவியை இயக்குபவர் யார், தோல் மருத்துவர் அங்கே இருப்பாரா என்பதும் தெரிய வேண்டும். சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்த தோலில் கருமை தாமதமாகவே தெரியும் என்பதால், ஓரிரு வாரம் பொறுத்த பிறகே மீதியைச் செய்யலாம்.

படி 4: தயாராகுங்கள்

நான்கு வாரத்துக்கு வேக்சிங், த்ரெட்டிங் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? முந்தைய நாள் மழித்துக்கொள்ளலாம். பச்சை குத்திய இடத்தின் மேல் லேசர் படக்கூடாது. மரத்துப்போகும் களிம்பை நீங்களாகவே இரண்டு கால் முழுக்கப் பூசாதீர்கள். மருந்து இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கண்ணுக்குக் கவசம் கட்டாயம். சாப்பிடும் மருந்துகளையும் கர்ப்பத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 5: பொறுமை

வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே ஒவ்வொரு முறையும் அழியும். ஆகவே பொதுவாக 6 முதல் 8 அமர்வுகள்: முகத்துக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, உடலுக்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. மயிர்க்காலைச் சுற்றிச் சிறு வீக்கம் ஓரிரு நாள் இருப்பது இயல்பு. கொப்புளம் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் வேண்டும். தடித்த முடி போய் மெல்லியது மட்டும் மிஞ்சும்போது அதே அளவில் தொடர வேண்டாம். அளவை மாற்றுவதா, நிறுத்துவதா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

தாடையில் முடியோடு மாதவிலக்கும் தவறுகிறது என்றால் முதலில் மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பாருங்கள். இருக்கும் முடியை லேசர் குறைக்கும். ஹார்மோன் புதிதாக எழுப்பும் முடியை அதனால் தடுக்க முடியாது.