பல் கிளினிக் என்றாலே அழும் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் பல் டாக்டரைப் பார்ப்பதே கன்னம் வீங்கி, கிராம்பு வைத்தும் அடங்காமல், ராத்திரி முழுக்க அழுத பிறகுதான். அன்றைக்கே ஊசி, அன்றைக்கே பிடுங்கல். அந்த நாற்காலி என்றாலே வலி என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும்.

என் மூத்தவனுக்கு அப்படித்தான் ஆனது. ஐந்து வயதில் கடைவாய்ப் பல் பிடுங்க, பிஸ்கட் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போனேன். கதவைத் திறந்ததும் அந்த மருந்து வாசம், உள்ளே மிஷின் சத்தம். அவன் நகம் என் உள்ளங்கையில் பதிந்துவிட்டது. அப்புறம் இரண்டு வருடம், தமிழ்ப்பள்ளிக்குப் பல் நர்ஸ் வரும் நாளென்றால் காலையிலேயே வயிற்று வலி என்பான்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: வலி வரும் முன்னே போங்கள். முதல் பல் முளைத்ததும், ஒரு வயதுக்குள் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. வயது தாண்டிவிட்டாலும் பரவாயில்லை, சும்மா எண்ணிப் பார்க்க மட்டும் கூட்டிப் போங்கள். வலியில்லாமல் இரண்டு மூன்று முறை போய் வந்த பிள்ளைக்குப் பின்னால் ஒரு முறை வலித்தாலும் அவ்வளவு பயம் ஒட்டாது. பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விடாதீர்கள், கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை.

அடுத்தது வீட்டுப் பேச்சு, இதில்தான் நாம் அதிகம் கெடுக்கிறோம். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்" என்பதை இன்றோடு நிறுத்துங்கள். பாட்டி தன் பல்லைப் பிடுங்கிய கதையைப் பிள்ளை காதுபடச் சொல்ல வேண்டாம், அண்ணன் அக்காவையும் பயமுறுத்த விடாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள்: வலி என்ற சொல்தான் அதன் காதில் நிற்கும், கொஞ்சம் வலித்துவிட்டாலோ அடுத்த முறை உங்களை நம்பாது. டாக்டர் பல்லை எண்ணுவார், கண்ணாடி வைத்துப் பார்ப்பார், அது போதும். உங்களுக்கே பல் டாக்டர் என்றால் பயமா? உங்கள் முகத்தைப் பார்த்தே பிள்ளை கற்றுக்கொள்ளும், அதனால் அன்றைக்கு அப்பாவையோ சித்தியையோ அனுப்புங்கள், தப்பே இல்லை.

சாப்பிட்டு, தூங்கி எழுந்த காலை நேரமாகப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்க்கவே பயிற்சி பெற்ற பல் தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 1949இலேயே பினாங்கில் இதற்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. "பயப்படும் பிள்ளை, மெதுவாகச் செய்யுங்கள்" என்று வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். முதலில் சொல்லி, அப்புறம் காட்டி, அதற்குப் பிறகே செய்யும் முறை ஒன்று உண்டு. 1959இல் அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதியது, இன்றும் அதுதான் வழக்கம். சின்னவளுக்குப் பல்லைத் தேய்க்கும் சுழலும் பிரஷ்ஷை முதலில் அவள் நகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். கூசுகிறது என்று சிரித்துவிட்டு அவளே வாயைத் திறந்தாள். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வையுங்கள், தூக்கினால் நிஜமாகவே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அது ஏமாற்று.

வீட்டுக்கு வந்ததும் "வலிச்சதா?" என்று கேட்காதீர்கள். "அந்தத் தண்ணி உறிஞ்சுற குழாய் எப்படிச் சத்தம் போட்டுச்சு?" என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பயந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது. மூத்தவன் முதல் தடவை தங்கச்சிக்குத் துணையாக வந்து ஓரமாக நின்றான், அடுத்த தடவை நாற்காலியில் உட்கார்ந்து இறங்கிவிட்டான், மூன்றாவது தடவைதான் வாயைத் திறந்தான். எத்தனை முறை போயும் முடியவில்லை என்றால் பிடித்து அமுக்காதீர்கள். ஈப்போ மாதிரி பெரிய ஊரில் குழந்தைகளுக்கான பல் நிபுணர்கள் இருக்கிறார்கள், அங்கே அனுப்பக் கடிதம் கேளுங்கள்.