‘நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க’: ராஜினாமா கேட்கும் எச்.ஆர். முன் என்ன செய்வது

காலண்டரில் திடீரென்று பதினைந்து நிமிட மீட்டிங் ஒன்று முளைக்கும். உள்ளே போனால் மேனேஜர் பக்கத்தில் எச்.ஆர். உட்கார்ந்திருப்பார். பழைய மகாபலிபுரம் சாலையோ, தரமணியோ, கிண்டியோ, பேச்சு அநேகமாக ஒன்றுதான்: “புராஜெக்ட் குறைஞ்சிடுச்சு. உங்க ரெக்கார்டுல டெர்மினேஷன்னு விழ வேண்டாம். நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, மூணு மாச பேக்கேஜ் தர்றோம். இன்னைக்கே சொல்லணும்.”

இந்தக் கரிசனத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நிறுவனம் உங்களை நீக்கினால் அது ஆள்குறைப்பு. அதற்கு நோட்டீஸ், இழப்பீடு, அரசுக்குத் தகவல் எல்லாம் தர வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்தால் அது ராஜினாமா, மேற்சொன்ன எதுவும் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து மட்டும்தான். கீழே உள்ளதெல்லாம் அதைக் கொடுக்காமல் வெளியே வருவதற்கும், வந்தபின் பணத்தைக் கேட்டு வாங்குவதற்கும்.

அறைக்குள்

கையெழுத்துப் போடாதீர்கள். எச்.ஆர். போர்ட்டலில் ராஜினாமா பட்டனை அழுத்துவதும் கையெழுத்துதான். “இங்கேயே லாகின் பண்ணிப் போட்டுடுங்க” என்று லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார்கள். தொடாதீர்கள். சண்டையும் வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். கோபத்தில் வரும் ஒரு வார்த்தையை ‘ஒழுங்கீனம்’ என்று எழுதிவிட அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். சொல்ல வேண்டியது இரண்டே வரி: “நான் வேலையை விட விரும்பவில்லை. நீங்கள் சொல்வதை மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் தருகிறேன்.” மறுபடி மறுபடி கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.

“இன்றைக்கே” என்ற கெடுவுக்குச் சட்டத்தில் இடமில்லை. நீங்கள் வீட்டுக்குப் போய் யாரிடமாவது கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வைக்கும் கெடு அது. வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மனதில் ஓடும் நேரத்தில் ஒருவரைத் தனியாக உட்கார வைத்து இப்படிக் கேட்பது மனிதத்தன்மை இல்லாத செயல். அதை நயமான குரலில் செய்வதால் அது மாறிவிடாது.

“ரிலீவிங் லெட்டர் தர மாட்டோம், வேறெங்கும் வேலை கிடைக்காது” என்ற மிரட்டலும் வரும். வேலை பார்த்ததற்கு ரிலீவிங் லெட்டர் ஒன்றுதான் ஆதாரம் என்று நினைத்துப் பயந்தே பலர் எழுதிக் கொடுக்கிறார்கள். பி.எஃப். பாஸ்புக், படிவம் 16, பேஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு இவையும் ஆதாரம்தான். அடுத்த நிறுவனத்தின் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் பி.எஃப். பதிவைப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

அன்று இரவே அனுப்ப வேண்டிய மெயில்

இந்த ஒரு மெயிலை அனுப்பாததால் பின்னால் தடுமாறியவர்கள் ஏராளம். அறைக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. அதே நாளில் எழுதியது ஒரு மாதம் கழித்துச் சொல்வதைவிடப் பல மடங்கு நிற்கும். ஆபீஸ் ஆக்சஸ் போய்விட்டால் சொந்த மெயிலிலிருந்து எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் அனுப்புங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

“இன்று மாலை 4.10 முதல் 4.45 வரை மூன்றாம் மாடி மீட்டிங் அறையில் நீங்கள் இருவரும் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். புராஜெக்ட் இல்லை என்பதைக் காரணமாகக் கூறினீர்கள். இன்றே முடிவு சொல்லாவிட்டால் நாளை முதல் ஆக்சஸ் நிறுத்தப்படும் என்றீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. நாளை வழக்கம்போல் வேலைக்கு வருவேன்.”

நேரம், இடம், இருந்தவர்கள், சொன்ன காரணம் இவை கட்டாயம் இருக்க வேண்டும். வருத்தத்தையும் சாபத்தையும் இதில் சேர்க்காதீர்கள். மறுநாள் நிஜமாகவே போங்கள். கார்டு வேலை செய்யாமல் செக்யூரிட்டி திருப்பி அனுப்பினால், வாசலில் நின்றபடியே “9.20-க்கு வந்தேன், உள்ளே விடவில்லை” என்று இன்னொரு மெயில். போகாமல் விட்டால் ‘தகவலின்றி வேலைக்கு வரவில்லை’ என்று கதையையே மாற்றிவிடுவார்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? எத்தனை நெருக்கடியில் கொடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு, ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக உடனே எழுதுங்கள். கடைசி வேலைநாள் இன்னும் வரவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லாத பட்சத்தில், அது நடைமுறைக்கு வருமுன் திரும்பப் பெறலாம் என்பதே பொதுவான நிலை. ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுதினால் “நிதானமாக யோசித்துத்தான் கொடுத்தார்” என்பார்கள்.

எதை எடுத்து வைக்கலாம், எதைத் தொடக் கூடாது

உங்கள் பெயருக்கு வந்த தாள்கள் போதும்: ஆஃபர் லெட்டர், பணி நியமன ஆணை, கடைசி பன்னிரண்டு பேஸ்லிப், இன்கிரிமென்ட் மற்றும் அப்ரைசல் கடிதங்கள், படிவம் 16, விடுப்புக் கணக்கு. ‘செயல்திறன் போதவில்லை’ என்பதைக் காரணமாகச் சொன்னால், சென்ற ஆண்டின் நல்ல அப்ரைசல் கடிதம்தான் அதற்குப் பதில். இதையெல்லாம் வேலை நன்றாக ஓடும்போதே சேர்த்து வைப்பது நல்லது.

பதற்றத்தில் மொத்த மெயில் பெட்டியையும் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. கிளையன்ட் கோப்பு ஒன்று அதில் கலந்திருந்தால், தகவல் கசிவு என்று சொல்லி இழப்பீடே இல்லாமல் நீக்க நீங்களே வழி திறந்துவிட்ட மாதிரி. கோட், கிளையன்ட் பெயர், மற்றவர்களின் சம்பளம் எதையும் தொட வேண்டாம்.

‘மூணு மாச பேக்கேஜ்’ஐ உடைத்துப் பாருங்கள்

மாதச் சம்பளம் 75,000 ரூபாய், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 30,000, சர்வீஸ் 6 ஆண்டு 8 மாதம், ஒப்பந்தப்படி நோட்டீஸ் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன்படி எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி), போக்குவரத்துப் படி போன்று ‘ஊதியம்’ என்பதில் சேராதவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கருதப்படும். ஆகவே இங்கே ஊதியம் குறைந்தது 37,500. பேசிக்கைச் சிறிதாக வைத்துப் படிகளை ஊதவைத்த பழைய தந்திரம் இனி அவ்வளவாகச் செல்லாது.

கிராச்சுவிட்டி (பணிக்கொடை): ஊதியம் × 15 ÷ 26 × ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி ஓர் ஆண்டாகக் கணக்காகும், எனவே 7. தொகை 1,51,442 ரூபாய். பேசிக் 30,000-ஐ மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 1,21,154 தான் வரும். வித்தியாசம் முப்பதாயிரத்துக்கும் மேல், அதனால் கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஆள்குறைப்பு இழப்பீடு. ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், மாதத்தை 30 நாளாகக் கொண்டால் 18,750 × 7 = 1,31,250. நோட்டீஸுக்குப் பதிலாக இரண்டு மாதச் சம்பளம் 1,50,000. வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்காகப் புதிய சட்டத்தில் வந்த மறுதிறன் நிதிக்கு நிறுவனம் கட்ட வேண்டிய 15 நாள் ஊதியம் 18,750. இதை 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து 3,00,000.

கிராச்சுவிட்டியும் மீதமுள்ள விடுப்புக்கான பணமும் இதில் அடங்காது. ராஜினாமா செய்தாலும் அவை உங்களுக்கு வர வேண்டியவை. ‘மூணு மாச பேக்கேஜ்’ என்று நீட்டுகிற 2,25,000-க்குள் பெரும்பாலும் இந்த கிராச்சுவிட்டியைத்தான் போட்டு வைத்திருப்பார்கள். உங்கள் பணத்தையே உங்களுக்குப் பரிசாகத் தருகிறார்கள். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இந்தத் தொகை கிராச்சுவிட்டி, லீவ் என்கேஷ்மென்ட், நோட்டீஸ் பே எல்லாவற்றுக்கும் மேல் தனியாகவா?” பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கிராச்சுவிட்டிக்கு வேண்டிய ஐந்து ஆண்டு நிறைய ஒரு சில மாதம் இருக்கும்போது வெளியேற்றுவதும் நடக்கிறது. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே கிராச்சுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் கூறியிருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் புதிய சட்டத்தில் ஓர் ஆண்டே போதும்.

வரியிலும் பெயர் முக்கியம். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்கு ஆள்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம் வரை, கிராச்சுவிட்டியில் 20 லட்சம் வரை வரிவிலக்கு உண்டு. ஆள்குறைப்பு இழப்பீட்டையே ‘எக்ஸ்கிரேஷியா’ (நிறுவனம் தானாக விரும்பித் தரும் தொகை) என்று எழுதிக் கொடுத்தால் சம்பளமாகக் கருதி வரி பிடிக்கப்படும்.

“கம்பெனி கஷ்டத்தில் இருக்கிறது” என்கிறார்களா? பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையைத் திறந்து இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்புகளைப் பாருங்கள். 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 197 கட்டாயமாக்கியதால், ஒவ்வோர் இயக்குநரின் சம்பளமும் சம்பள வரிசையில் நடுவில் இருக்கும் ஊழியரின் (மீடியன்) சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்பதும், இருவருக்கும் அந்த ஆண்டு எத்தனை சதவீதம் கூடியது என்பதும் அங்கே அச்சில் இருக்கும். மேலே இருப்பவரின் ஊதியம் ஏறிக்கொண்டே போக, உங்களை மட்டும் ‘செலவு’ என்று வெட்டினால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து மனுவோடு வையுங்கள். நீதிபதி அதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார். ஆனால் சமரசப் பேச்சில் ‘நஷ்டம்’ என்ற சொல் அதன் பிறகு அவ்வளவு எளிதாக வராது.

நீங்கள் ‘தொழிலாளரா’?

ஆள்குறைப்புப் பாதுகாப்பு நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளருக்கும் கிடையாது. ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதல்ல, தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே பார்க்கப்படும். ‘அசோசியேட் மேனேஜர்’ என்ற பெயரில் நாள் முழுதும் கோட் எழுதுபவரும், டெஸ்டிங் செய்பவரும் தொழில்நுட்ப வேலை செய்பவர்களே. லீவ் அனுமதிப்பது, அப்ரைசல் போடுவது, ஆளெடுப்பது எல்லாம் உங்கள் கையில் இருந்தால் வாதம் பலவீனமாகும். அப்படிப்பட்டவர்களும் சம்பளப் பாக்கியைக் கேட்கலாம், ஏனென்றால் ஊதியச் சட்டத் தொகுப்பு மேனேஜர்களையும் உள்ளடக்கியது. வேலையிலிருந்து விலகிய, விலக்கப்பட்ட இரண்டு வேலைநாளுக்குள் ஊதியத்தைத் தர வேண்டும் என்கிறது அதன் பிரிவு 17. ‘ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்கு முடிப்பது) 45 நாள் ஆகும்’ என்பது கம்பெனிப் பழக்கம் மட்டுமே. பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். அதிகாரி பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க முடியும்.

செட்டில்மென்ட் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கும். பணம் அவசரத் தேவை என்றால் வாங்குங்கள், ஆனால் கையெழுத்தின் மேலே “உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையரகம் இருக்கிறது; ஏ.ஜி.-டி.எம்.எஸ். மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கம். உங்கள் ஆபீஸ் இருக்கும் பகுதிக்குரிய சமரச அலுவலர் யார் என்று அங்கே கேட்டு மனுக் கொடுக்கலாம். மனு இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும்: சேர்ந்த தேதி, வேலை, கடைசிச் சம்பளம், நடந்தது தேதிவாரியாக, வேண்டுவது என்ன. அலுவலகத்துக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, முத்திரை வாங்கிக்கொள்ள உங்களுக்கு ஒன்று என மூன்று பிரதி வேண்டும். நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் தேதிக்கு நிறுவனம் வராமல் வாய்தா கேட்பது சகஜம், சோர்ந்துவிடாதீர்கள். 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பிரிவு 41-லும் உள்ளது. நிர்வாகப் பதவியில் இல்லாதவர் இதன்கீழ் மேல்முறையீடு செய்யலாம். இதற்குக் காலக்கெடு குறுகியது, முதல் வாரத்திலேயே வக்கீலிடம் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

அதே வாரம் வேறு யாரையெல்லாம் கூப்பிட்டார்கள் என்று விசாரியுங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாதபடி தனித்தனியாகக் கூப்பிடுவதே அவர்கள் முறை. பத்து பேர் ஒரே நாளில் ஒரே மாதிரி மனுக் கொடுத்தால் ‘தனிப்பட்ட செயல்திறன்’ என்ற காரணம் நிற்காது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாமா என்ற சந்தேகமும் வேண்டாம், வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

இந்த அலைச்சலில் எல்லோரும் மறப்பது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். அதில் சேர்த்திருந்த அப்பா அம்மாவுக்கும்தான். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது, மாறினால் இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. கூப்பிட்ட நாளன்றே பாலிசி எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.