நெல்வயல் பச்சைத் தத்துப்பூச்சிகள்: இரண்டு இனங்களைப் பிரித்தறியத் தொடங்குபவர்களுக்கு

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இரண்டாம் பயிர் நட்டுச் சில வாரம் ஆகிவிட்டால், வரப்பில் கால் வைக்கும்போதே பச்சைப் பூச்சிகள் புல்லிலிருந்து தெறித்து ஓடும். வீட்டில் தமிழும், கிருஷி பவன் என்கிற கேரள வேளாண் அலுவலகத்தில் மலையாளமும் பேசுகிற ஊர் என்பதால் பச்சைத் தத்துப்பூச்சி, பச்சத்துள்ளன் என்று இரண்டு பெயரும் புழக்கத்தில் உண்டு. பெயர் கேட்டதுமே மருந்துக் கடைக்கு வண்டியை எடுப்பவர்களும் உண்டு. அதற்கு முன் ஒரு லென்ஸும் கால் மணி நேரமும் ஒதுக்குங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம் நெல்வயலில் இந்தப் பெயரில் திரிவது பெரும்பாலும் இரண்டு இனங்கள்: நெஃபோடெட்டிக்ஸ் விரெசன்ஸ், நெஃபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸ். நிறம், அளவு, ஆப்பு வடிவ உடல், இலையில் குறுக்காக நகரும் நடை எல்லாம் மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஒன்றுதான். வயலுக்கு முக்கியமான வேறுபாடு வாழ்க்கை முறையில். விரெசன்ஸ் நெல்லையே நம்பி வாழ்வது. நெல்லை மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் துங்ரோ என்ற வைரஸ் நோயைப் பரப்புவதில் முதலிடம் இதற்குத்தான். நைக்ரோபிக்டஸ் நெல்லிலும் இருக்கும், வரப்புப் புல்லிலும் நன்றாகவே பிழைக்கும். துங்ரோவைக் கடத்தும் திறன் இதற்குக் குறைவு. ஆகவே வரப்பில் தெறிக்கும் கூட்டத்தைப் பார்த்து வயலுக்குள் என்ன நடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

என்னென்ன வேண்டும்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. 20 மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் முதலில் 10-இல் பழகுங்கள். அதில் காட்சிப் பரப்பு பெரிது, பூச்சியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. துணி வலை, வெள்ளைத் தட்டு, மூடியுள்ள சின்னக் குப்பிகள், மெல்லிய பெயிண்ட் பிரஷ், பென்சில், துண்டுக் காகிதம். இவ்வளவு போதும். செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் படம் எடுக்க உதவும்.

முதல் படி: பிடிப்பது

பனி காய்ந்த பிறகு போங்கள். ஈரத்தில் வலை நனைந்து பூச்சி ஒட்டிக்கொள்ளும், இறகு கசங்கிவிடும். வயலுக்குள் வீசிப் பிடித்ததை ஒரு குப்பியிலும், வரப்புப் புல்லில் பிடித்ததை வேறொரு குப்பியிலும் போடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் கூடாது. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு எவ்வளவு துல்லியமாகப் பிரித்தாலும் அந்த விவரத்தால் வயலுக்கு உபயோகமில்லை. இரவில் விளக்குப்பொறியில் விழுவதும் பார்க்க நல்லதுதான், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

குப்பிகளை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தால் பூச்சி அடங்கிவிடும். ஸ்பிரிட்டில் உடனே போடாதீர்கள். பச்சை நிறம் வெளுத்து மஞ்சளாகிவிடும். படமும் குறிப்பும் எடுத்து முடித்த பிறகு வேண்டுமானால் ஸ்பிரிட்டில் சேமிக்கலாம்.

இரண்டாம் படி: தத்துப்பூச்சிதானா?

வெள்ளைத் தட்டில் கொட்டி, பிரஷ் நுனியால் ஒன்றைப் பக்கவாட்டில் புரட்டி, பின்னங்காலைப் பாருங்கள். நீண்ட கால் பகுதி முழுக்க முட்கள் வரிசையாக நின்றால் அது தத்துப்பூச்சிக் குடும்பம். முள்வரிசை இல்லாமல், அந்தப் பகுதியின் கடைசியில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் அது புகையான் கூட்டத்தைச் சேர்ந்தது. பாலக்காட்டில் முஞ்ஞ என்பார்களே, அது. புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடைந்திருக்கும். பச்சைத் தத்துப்பூச்சி பெரும்பாலும் இலைப் பகுதியில் இருக்கும்.

இங்கே ஒரு நல்ல பூச்சியையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி என்று ஒன்று, சைர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ், பச்சையும் கறுப்புமாக ஏறக்குறைய இதே அளவில் இருக்கும். தத்துப்பூச்சி, புகையான் இவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் குத்தி உறிஞ்சி உண்ணும். உடல் ஒல்லி, உணர்கொம்பு நீளம். தத்துப்பூச்சியின் உணர்கொம்போ கண்களுக்கு நடுவில் மயிரிழையாகத் தெரியும். தட்டில் மிரிட் நிறைய இருந்தால் அந்த வயலில் உங்களுக்குக் கூலியில்லாத ஆள் வேலை செய்கிறது. அதைப் பகையாக எண்ணி மருந்தடிப்பது பெரிய நஷ்டம்.

மூன்றாம் படி: மற்ற தத்துப்பூச்சிகளை ஒதுக்குவது

இது சுலபம். இறகில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து கோடு ஓடினால் ரெசிலியா டார்சாலிஸ். உடல் முழுக்க வெள்ளையாக, பச்சைத் தத்துப்பூச்சியைவிடப் பெரிதாக இருந்தால் கோஃபனா ஸ்பெக்ட்ரா. பக்கத்தில் வெண்டை, கத்தரி, பருத்தி இருந்தால் விளக்குப்பொறியில் அம்ராஸ்கா என்ற சின்னப் பச்சைப் பூச்சியும் வந்து விழும். வெளிர் பச்சை, மெல்லிய உடல், ஒவ்வொரு இறகிலும் நுனிப்பக்கம் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி. நெல்லின் பச்சைத் தத்துப்பூச்சியோ 3 முதல் 5 மில்லிமீட்டர், நல்ல அடர்பச்சை, உடல்கட்டும் தடிப்பு.

நான்காம் படி: ஆணா பெண்ணா

இனம் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். இறகின் நுனிப் பகுதி கறுப்பாக, ஒவ்வொரு இறகின் நடுவிலும் ஒரு கறுப்புப் பொட்டுடன் இருப்பது ஆண். இறகு நுனி வைக்கோல் நிறத்தில், நடுப்பொட்டு இல்லாமல் இருப்பது பெண். பெண் சற்றுப் பெரிதாகவும் இருக்கும். சந்தேகம் வந்தால் மல்லாக்கப் போட்டு வயிற்றின் முனையைப் பாருங்கள். முட்டையிடும் உறுப்பின் நீளமான பிளவு பெண்ணில் தெளிவாகத் தெரியும்.

பொட்டு இல்லாததை ஓர் இனம், பொட்டு உள்ளதை இன்னோர் இனம் என்று பிரித்துவைப்பதுதான் தொடக்கத்தில் பலரும் செய்வது. அப்படிப் பிரித்தால் கிடைப்பது இரண்டு இனத்தின் ஆண்களும் ஒரு குவியலில், பெண்கள் எல்லாம் இன்னொரு குவியலில்.

ஐந்தாம் படி: தலையைப் பாருங்கள்

இனி ஆண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியைக் குப்புற வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி திருப்பி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தட்டை மெதுவாக உயர்த்துங்கள். லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள்.

உச்சந்தலையின் முன்விளிம்புக்குச் சற்று உள்ளே, ஒரு கண்ணிலிருந்து மறு கண் நோக்கி, மை தீட்டினாற்போல ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறதா? ஓடினால் நைக்ரோபிக்டஸ். அதோடு கண்ணைச் சற்றுப் பின்னால் நகர்த்தி, தலைக்கு அடுத்துள்ள முன்மார்புத் தகட்டைப் பாருங்கள். தலையைத் தொடும் அதன் முன்விளிம்பிலும் கறுப்புச் சாயல் படர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

விரெசன்ஸில் உச்சந்தலை சுத்தமான பச்சை. பட்டையும் இல்லை, முன்மார்பில் கறுப்பும் இல்லை. தலையின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு: விரெசன்ஸின் உச்சந்தலை நடுவில் நீண்டு சற்றுக் கூராக முடியும். நைக்ரோபிக்டஸின் தலை முன்பக்கம் மழுங்கிய வளைவு. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் இந்தக் கூர்மை பிடிபடாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும். அதனால் பெயர் உறுதியான ஒரு ஜோடியைச் சின்னக் குப்பியில் மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: இறகுப் பொட்டு

கையேடுகளில் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விதி இதுதான்: விரெசன்ஸில் பொட்டு தனியாக நிற்கும், இறகு நுனியின் கறுப்பை எட்டாது. நைக்ரோபிக்டஸில் பொட்டு பெரிதாகி, பின்னோக்கி நீண்டு, அந்தக் கறுப்போடு சேரும். ஆனால் பொட்டின் அளவு பூச்சிக்குப் பூச்சி மாறும். பொட்டு சிறுத்த நைக்ரோபிக்டஸும் இருக்கும், பொட்டு பரவிய விரெசன்ஸும் இருக்கும். தலையும் பொட்டும் ஒரே விடையைத் தந்தால் பெயரை எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் தலை சொல்வதை நம்புங்கள், அந்தப் பூச்சியைத் தனிக் குப்பியில் எடுத்துவையுங்கள். ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்டதை ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து, அதிலுள்ள பற்களைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்கள். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும்.

பெண்களும் குஞ்சுகளும்

பெண்ணிலும் தலைப்பட்டையைத் தேடலாம். தெளிவாக இருந்தால் எழுதலாம். மங்கலாக இருந்தால் "நெஃபோடெட்டிக்ஸ், பெண்" என்று மட்டும் எழுதுங்கள். அதே வலைவீச்சில் கிடைத்த ஆண்கள் எந்த இனம் என்பதே போதிய தகவல். குஞ்சுப் பருவம் ஐந்து கட்டங்கள், இறகு முழுதாக இருக்காது. லென்ஸை வைத்துக்கொண்டு இனம் சொல்ல முயலாதீர்கள், எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள்.

படம் தேடுபவர்களுக்கு

இணையத்தில் பச்சைத் தத்துப்பூச்சி என்று தேடினால் ஜப்பான், கொரியா, சீனப் படங்கள் ஏராளமாக வரும். அவற்றில் பல நெஃபோடெட்டிக்ஸ் சின்க்டிசெப்ஸ் என்ற கிழக்காசிய இனம். அதன் தலையிலும் கறுப்புப் பட்டை உண்டு என்பதால் நம் நைக்ரோபிக்டஸோடு பொருந்துவது போலவே தோன்றும். படம் எந்த நாட்டில் எடுத்தது என்று பாருங்கள். பழைய வேளாண் புத்தகங்களில் பைபங்க்டேட்டஸ், இம்பிக்டிசெப்ஸ், ஏபிகாலிஸ் என்ற பெயர்களும் வரும். 1971-இல் கௌரி என்ற பூச்சியியலாளர் மூல மாதிரிகளை ஒப்பிட்டு இந்தப் பேரினத்தைத் திருத்தி எழுதிய பிறகுதான் பெயர்கள் ஒழுங்குக்கு வந்தன. அதற்கு முந்தைய நூலில் பெயரை மட்டும் பார்த்து இனத்தை முடிவுசெய்ய வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகு

குப்பிக்குள் பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டு போடுங்கள்: தேதி, ஊர், வயலா வரப்பா, நெல் ரகம், நட்டு எத்தனை நாள், ஆண் எத்தனை, பெண் எத்தனை. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

வயல் குப்பியில் விரெசன்ஸ் மிகுந்திருந்தால் பயிரைக் கவனமாகப் பாருங்கள். துங்ரோவுக்குக் காரணம் இரண்டு வைரஸ்கள் சேர்ந்து வருவது. கோல் வடிவ வைரஸ்தான் இலையை மஞ்சளும் ஆரஞ்சுமாக்கிப் பயிரைக் குட்டையாக்குவது. உருண்டை வைரஸ் துணையில்லாமல் தத்துப்பூச்சியால் அதைக் கடத்த முடியாது. தோல் உரித்ததும் பூச்சி அந்தத் திறனை இழந்துவிடும், முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஆகவே பக்கத்தில் நோயுள்ள பயிர் இருக்கிறதா என்பது பூச்சியின் எண்ணிக்கையளவுக்கே முக்கியம்.

மஞ்சளுக்குக் காரணம் துங்ரோவா, சத்துக் குறைவா என்று குழப்பம் வந்தால் அயோடின் சோதனை செய்து பார்க்கலாம். விடியற்காலையில், ஆறு மணிக்கு முன் இலை நுனியை 10 சென்டிமீட்டர் நறுக்கி, 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்த நீரில் வெட்டுமுனையை 15 நிமிடம் வைத்து, கழுவிப் பாருங்கள். கருநீலக் கோடுகள் தெரிந்தால் துங்ரோ என்று கொள்ளலாம்.

மருந்தடிக்கலாமா என்று முடிவுசெய்யத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தரும் பூச்சி எண்ணிக்கை: வளர்ச்சிப் பருவத்தில் தூருக்கு 5, பூக்கும் பருவத்தில் 10, துங்ரோ வழக்கமாக வரும் பகுதியில் 2. இது வயலுக்குள் தூரைத் தட்டி எண்ணும் எண்ணிக்கை. வரப்புக் குப்பியில் உள்ளதை இதில் சேர்க்காதீர்கள். கிருஷி பவனுக்குப் போகும்போது இரண்டு குப்பிகளையும் சீட்டோடு கொண்டுபோங்கள்.