தண்ணீர்ப் பந்தல் கணக்கை வைத்து ஒரு குட்டி பிளாக்செயின்

பிளாக்செயின் என்று ஆரம்பித்தாலே பேச்சு பிட்காயின் வாங்கலாமா வேண்டாமா என்பதில் போய் நின்றுவிடுகிறது. காசு போடாமல் நாமே ஒரு சின்னச் சங்கிலி கட்டிப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். உதாரணத்துக்கு, தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் போட நண்பர்கள் வசூலிக்கும் பணக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கருவி. ஹாஷ் என்பது நாம் தட்டுகிற வரியிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கும் கைரேகை மாதிரி; வரியில் ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். அதைப் போட்டுத் தரும் தளங்களில் பாதி விளம்பரக் குப்பை. என் ஓட்டு சைபர்செஃப்புக்குத்தான் (CyberChef): இலவசம், தட்டுவது பிரவுசரைத் தாண்டி எங்கும் போகாது. அதில் எஸ்ஹெச்ஏ2 (SHA2) என்ற ஹாஷ் முறையை எடுத்து அளவை 256 என்று வையுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 64 இடம் கொண்ட ஒரு வரி வரும். 128 வந்தால் அளவு 512இல் இருக்கிறது.

"1, குமார், 50 வெள்ளி, 0" என்று தட்டுங்கள். வெள்ளி என்பது இங்கே ரிங்கிட். கடைசி 0, இதற்கு முன்னால் எதுவும் இல்லை என்பதற்கு. இப்படி ஒவ்வொரு வரியும் ஒரு பிளாக். 2009 ஜனவரி 3 தேதியிட்ட பிட்காயினின் முதல் பிளாக்கிலும் அந்த இடத்தில் வெறும் சுழியங்கள்தான். வந்த ஹாஷை நகலெடுத்து அடுத்த வரியின் கடைசியில் ஒட்டுங்கள்: "2, கோபால், 30 வெள்ளி", அப்புறம் அந்த ஹாஷ். இதற்கும் ஹாஷ் எடுங்கள். மூன்றாவதும் அப்படியே.

சரி, இப்போது முதல் வரியில் 50ஐ 60 ஆக்குங்கள். ஹாஷ் அடியோடு மாறிப்போகும், இரண்டாம் வரியில் ஒட்டியதோடு ஒத்துப்போகாது, அதைத் திருத்தப் போனால் மூன்றாவது உடையும். அவ்வளவுதான் சங்கிலி.

தமிழில் தட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கோபால். "கோ"வின் ஓகாரக் குறியை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையில், ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் ஏகாரக் குறி, பின்னால் கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஹாஷ் மட்டும் வேறு வேறு. ஒருவர் கைப்பேசியிலும் இன்னொருவர் கணினியிலும் தட்டினால் யாரோ கணக்கைத் திருத்திவிட்டார்கள் என்று சண்டையே வரும். சைபர்செஃப்பில் யூனிகோடைச் சீராக்கும் கட்டளை இருக்கிறது, ஹாஷுக்கு முன்னால் அதை என்எஃப்சி (NFC, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) என்று வைத்துப் போட்டுவிடுங்கள். வரிக் கடைசியில் தெரியாமல் விழும் ஒரு இடைவெளியும் இதே வேலையைச் செய்யும்.

ஆனால் குமார் கொடுத்தது 100, கணக்கு எழுதும் பொருளாளர் முதலிலேயே 50 என்று எழுதினார் என்றால் சங்கிலிக்கு அது தெரியாது. பிளாக்செயினில் இருந்தால் உண்மை என்று சொல்லி எதையாவது விற்க வருகிறவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும்.

பின்சேர்க்கை: பொருளாளரே உட்கார்ந்து எல்லா ஹாஷையும் புதிதாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கணக்கு நோட்டு அவரிடம் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, சங்கிலியும் வீண். பத்துப் பேரிடம் நகல் இருந்தால் அவருடையது தனியாகத் தெரியும். பிட்காயின் இன்னொரு பூட்டும் போடுகிறது: ஹாஷ் இத்தனை சுழியத்தோடு தொடங்கினால்தான் பிளாக் செல்லும். செய்து பார்க்க, வரியின் கடைசியில் ஒரு எண் சேர்த்து, 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டே போங்கள். ஒரு சுழியத்துக்குச் சராசரியாக 16 தடவை, இரண்டுக்கு 256. மூன்றுக்கு 4096, அதைக் கையால் செய்யாதீர்கள், பைத்தான் என்ற நிரல்மொழியில் நாலு வரி எழுதினால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.